டேக் ஒன்றுக்கு ஐந்து நொடி

பாதுகாப்பு உபகரண அறைக்குள் செல்லச்சாமி தன்னைத்தானே வைத்துப் பற்றவைத்து முடித்தபோது மணி ஒன்பதரை. அதில் தவறு ஒன்றும் இல்லை. இரும்புக் கதவு மாட்டுகிறவர்கள் அப்படித்தான் செய்வார்கள்.

கதவையும் சட்டத்தையும் தனித்தனியாக விட்டால், சட்டத்தைச் சுவரோடு பற்றவைக்கும்போது சூட்டில் அது இழுத்துக்கொள்ளும். பிறகு கதவு சாத்தாது. அதனால் முதலிலேயே கதவைச் சட்டத்தோடு நாலு இடத்தில் சின்னதாகப் பற்றவைத்துவிடுவார்கள். அதற்கு டேக் என்று பெயர். சட்டம் சுவரில் உட்கார்ந்ததும் கிரைண்டிங் மிஷினால் நாலு டேக்கையும் அறுத்துவிட்டால் கதவு தானாகத் திறக்கும். டேக் ஒன்றுக்கு ஐந்து நொடி. வெளிப்பக்கம் டேக் வைத்தால் பெயிண்டில் தழும்பு விழும், மறுநாள் திறப்பு விழா, போட்டோவில் தழும்பு தெரியக்கூடாது என்று அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். எனவே செல்லச்சாமி உள்ளே நின்று உள்பக்கமாக வைத்தான். அறைக்கு ஜன்னல் கிடையாது. மிஷின் அவன் கையில் இருந்தது. அதன் வயர் கதவுக்கு அடியில் விரல் நுழையும் சந்து வழியாக வெளியே போய், வராந்தாச் சுவரில் செருகியிருந்தது.

மிஷினை இரண்டு கையாலும் பிடித்துப் பொத்தானைத் தள்ளினான். சத்தம் வரவில்லை.

கதவின் கீழ்ப்பாதி தகரம், மேல்பாதி கம்பிவலை. வலையின் கண்ணில் இரண்டு விரல் நுழையும். அதன் வழியே பார்த்தான். வராந்தாவில் பாதுகாப்பு அலுவலர் தாணுமாலயன் நின்றிருந்தார். பிளக் அவர் கையில் இருந்தது.

அருவி வளாகப் பணிப் பாதுகாப்பு முகமையின் அலுவலகம் ஐந்தருவிக்குப் போகிற பாதையில் இருக்கிறது. அருவிக்கரையில் வேலை செய்கிறவர்களுக்கு அடிபடாமல் பார்த்துக்கொள்வதற்காக அதை ஆரம்பித்து எட்டு வருடம் ஆகிறது. தாணுமாலயன் முதல் நாளிலிருந்து இருக்கிறார். வெள்ளைச் சட்டை, மஞ்சள் ஹெல்மெட். ஹெல்மெட்டை அவர் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடிக்கும்போதும் கழற்றமாட்டார் என்று சொல்வார்கள்.

"பெர்மிட் இருக்கா?" என்றார்.

"என்ன பெர்மிட் சார்?"

"தீப்பொறி வர்ற வேலைக்குப் பெர்மிட்."

மூன்று நாளாக இங்கேதான் தீப்பொறி பறக்க வேலை செய்வதாகவும், ஒருவரும் எதுவும் கேட்கவில்லை என்றும் செல்லச்சாமி சொன்னான்.

"மூணு நாளா நான் கேம்ப்ல இருந்தேன். நான் இல்லாதப்ப நடந்தது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியாதது இந்த வளாகத்துல நடக்காது."

பிளக்கை ஒரு சிவப்புப் பெட்டிக்குள் வைத்து மூடிச் சிவப்புப் பூட்டைப் போட்டார். அதில் தன் படம் ஒட்டிய அட்டையைத் தொங்கவிட்டார். இதைப் பூட்டியவர் மட்டுமே திறக்கலாம் என்று அட்டையில் எழுதியிருந்தது. சாவியைப் பேண்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

அது நல்ல பூட்டு என்பது செல்லச்சாமிக்குத் தெரியும். ஒருவன் மிஷினில் வெட்டுகிற வீலை மாற்றிக்கொண்டிருக்கும்போது இன்னொருவன் தெரியாமல் பிளக்கைச் செருகி விரல் போன கதை தென்காசியில் பட்டறைக்கு ஒன்று உண்டு. பூட்டைக் கண்டுபிடித்தவன் மனிதர்கள் மேல் அக்கறை உள்ளவனாகத்தான் இருந்திருப்பான். தாணுமாலயனை அவன் பார்த்திருக்கமாட்டான்.

செல்லச்சாமிக்கு அவசரம் இருந்தது. அவன் இடது கண்ணில் இரும்பு இருந்தது.

சாரல் காலத்தில் குற்றாலத்தில் கண்ணாடி போட்டுக்கொண்டு கிரைண்டிங் செய்வது லேசுப்பட்ட காரியம் இல்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் கண்ணாடியில் பனி படியும். நிறுத்தி, தூக்கி, துடைத்து, மறுபடி இறக்க வேண்டும். அன்று காலை எட்டு மணிக்குச் சட்டத்தைப் பற்றவைக்கச் சுவரில் பதித்திருந்த இரும்புப் பிளேட்டைத் தேய்க்கும்போது, துடைத்தவன் இறக்குவதற்கு முன் பொத்தானைத் தள்ளிவிட்டான். ஒரு நொடிதான். இருபத்தைந்து வருடத்தில் முதல் தடவை. தப்பு தன்னுடையது என்பதில் அவனுக்குச் சந்தேகம் இல்லை.

தென்காசியில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தான். நர்ஸ் விவரமாகச் சொன்னாள். இதை எடுக்கிற டாக்டர் திருநெல்வேலியிலிருந்து செவ்வாய்க்கிழமை மட்டும் வருவார். இன்று செவ்வாய். இரண்டு மணிக்குக் கிளம்பிவிடுவார். கருவிழி நடுவில் இரும்பு கிடந்தால் துருப்பிடிக்கும், நேரம் போகப் போகத் துரு உள்ளே இறங்கும், பிறகு எடுத்தாலும் அந்த இடத்தில் தழும்பு நின்றுவிடும். பார்வை திரும்பாது. தேய்க்காமல், தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு, சீக்கிரம் வாருங்கள்.

அப்போதே போயிருக்கலாம். ஆனால் நூற்றைம்பது கிலோ கதவு கயிற்றில் சாய்ந்து நின்றது. வராந்தாவுக்குக் கீழே பாதையில் அருவிக்குப் போகிறவர்கள் ஈரத்துண்டோடும் பிள்ளைகளோடும் நடந்துகொண்டிருந்தார்கள். கூட வேலை செய்யும் முத்துகுமரன், வாடகைக்கு எடுத்த சங்கிலிக் கப்பியைத் திருப்பிக் கொடுக்கத் தென்காசிக்குப் போயிருந்தான். கதவைச் சுவரில் நிறுத்திவிட்டுப் போவதுதான் முறை என்று செல்லச்சாமி நினைத்தான். ஒரு மணி நேர வேலை. பிறகு ஐந்து நொடி, நாலு தடவை.

"சார், உள்ள மாட்டிக்கிட்டேன். இத அறுத்தாத்தான் நான் வெளிய வரமுடியும்," என்றான்.

"வெளிய வந்து பெர்மிட்டுக்கு எழுதிக் குடுங்க," என்றார் தாணுமாலயன். பிறகு அதில் ஏதோ சிக்கல் இருப்பது அவருக்கே தெரிந்து, "சரி, விதிவிலக்கா உள்ள இருந்தே எழுதுங்க. மனிதாபிமானம்னு ஒண்ணு இருக்குல்ல," என்றார்.

உதவியாளர் உமாராணி விண்ணப்பத்தைக் கொண்டுவந்தாள். பதினான்கு பக்கம். ஒவ்வொரு பக்கத்தையும் பீடிபோல் சுருட்டி வலைக்குள் விட்டாள். செல்லச்சாமி பெட்டி ஒன்றின் மேல் வைத்து எழுதி, சுருட்டித் திருப்பிக் கொடுத்தான். ஒன்பதாம் பக்கத்தில், ஆபத்து நேர்ந்தால் வெளியேறும் வழி எது என்று கேட்டிருந்தது. கதவு என்று எழுதினான்.

"கதவு அடைச்சுல்லா இருக்கு அண்ணாச்சி," என்றாள் உமாராணி.

"அதத் தொறக்கத்தானம்மா பெர்மிட்டு."

அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, 'நடவடிக்கையில் உள்ளது' என்று எழுதிக்கொண்டாள். அவள் கெட்டவள் இல்லை. அந்த அலுவலகத்தில் சேர்ந்து ஆறு வருடம் ஆகியிருந்தது, அவ்வளவுதான்.

பதினோராம் பக்கம் கண் பரிசோதனை. வராந்தாவின் கோடியில் நின்று உமாராணி எழுத்து அட்டையைப் பிடித்தாள். வலது கண்ணால் கடைசி வரி வரை வாசித்தான். இடது கண்ணால் அட்டை இருக்கும் திசையைச் சொன்னான். அதிலிருந்து தண்ணீர் தாடை வரை வடிந்தது.

தாணுமாலயன் வலைக்குப் பக்கத்தில் வந்தார். வருத்தத்தோடுதான் பேசினார்.

"பாருங்க, இந்தக் கண்ணோட உங்களை மிஷின் ஓட்ட விட்டா நான் அதிகாரி இல்ல, கொலைகாரன். நிமிஷத்துக்குப் பதினோராயிரம் சுத்து. கண்ணைச் சரிபண்ணிட்டு வாங்க, அடுத்த நிமிஷம் கையெழுத்துப் போடுதேன்."

"கண்ணச் சரி பண்ணத்தான் சார் வெளிய போணும். தூசி விழுந்திருக்கு. இரும்பு."

"எங்க வச்சு விழுந்தது?"

"இங்கன வச்சுத்தான். காலைல."

உமாராணியின் பேனா நின்றது. மறுநாள் திறப்பு விழாவுக்கு வருகிற சிறப்பு விருந்தினர் இந்த அறையை மட்டும் திறந்துவைக்கப் போவதில்லை. விபத்தில்லா வளாகம் என்ற கேடயத்தையும் கொடுக்கப் போகிறார்.

"யோசிச்சுச் சொல்லுங்க," என்றார் தாணுமாலயன். "வீட்ல வச்சு விழுந்திருக்கலாம். வர்ற வழில காத்து அடிச்சிருக்கலாம். இங்க விழுந்திருந்தா அது விபத்து. விபத்துன்னா விசாரணைக் குழு போடணும். குழு திருச்சியில இருந்து வரணும். அவங்க வர்ற வரைக்கும் இடத்தைத் தொடக்கூடாது. நீங்க நின்ன இடத்துல நிக்கணும்."

செல்லச்சாமி யோசித்தான். வர்ற வழியில் விழுந்தது என்றான். உமாராணி எழுதிக்கொண்டாள். குற்றாலத்துக் காற்று அன்று பலமாக வீசியதாகத் தாணுமாலயன் தன் பக்கத்திலிருந்து ஒரு வரி சேர்த்தார்.

கண் விஷயத்தை நிபந்தனையோடு தளர்த்தலாம் என்றும், ஆனால் பயிற்சிச் சான்றிதழ் இல்லாமல் முடியாது என்றும் அவர் சொன்னார். பயிற்சியை அவரே நடத்தினார். ஒரே ஒரு மாணவனுக்காக வராந்தாவில் திரை கட்டினார்கள். மாணவன் வலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். மணி பத்தே முக்கால்.

காட்டுவதற்கென்று முகமையிடம் ஒரு மிஷின் இருந்தது. வாங்கிய அன்று கட்டிய ரிப்பன் இன்னும் அதில் இருந்தது. வீலை மறைக்கிற மூடியைக் கழற்றிவைத்திருந்தார்கள். மூடி இருந்தால் போட்டோவில் வீல் தெரிவதில்லையாம். தாணுமாலயன் அதை ஒற்றைக் கையால், கோவில் தீபத்தட்டைப் போலத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மிஷினை எப்போதும் இரண்டு கையால் பிடிக்க வேண்டும் என்றார். மூடியைக் கழற்றவே கூடாது என்றார். வீலில் கீறல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், மிஷினின் வேகத்துக்கு ஏற்ற வீல்தானா என்று பார்க்க வேண்டும், தேதி பார்க்க வேண்டும், வெட்டுகிற வீலைத் தேய்க்கப் பயன்படுத்தக் கூடாது, வீல் நிற்பதற்குள் மிஷினைக் கீழே வைக்கக் கூடாது. எல்லாம் சரியாகத்தான் சொன்னார். பார்க்காமல் ஒப்பித்தார்.

வீலின் நடுவில் உள்ள தகர வளையத்தில் தேதி பொறித்திருக்கும். நல்ல கண்ணால் செல்லச்சாமி அதை வாசித்தான்.

"சார், அந்த வீலுக்குத் தேதி முடிஞ்சு மூணு வருஷம் ஆச்சு. செதறிரும்."

"இது ஓடாத மிஷின். ஓடாத மிஷினுக்கு எந்த வீலும் பாதுகாப்பானதுதான்," என்றார் தாணுமாலயன். அந்த வாக்கியம் அவருக்கே பிடித்துப்போனது. மிஷினைக் கீழே வைத்துவிட்டுத் தொடர்ந்தார்.

"இந்த வளாகத்துல எட்டு வருஷமா ஒரு விபத்து இல்ல. எப்படி சார் சாதிச்சீங்கன்னு ஊர் ஊரா என்னைக் கூப்பிட்டுக் கேக்காங்க. ரகசியம் ஒண்ணும் இல்ல. எட்டு வருஷத்துல நான் ஒரு பெர்மிட் கூடக் குடுத்ததில்ல."

"அப்ப இந்தக் கட்டடம், கைப்பிடிக் கம்பி, பாலம் எல்லாம் எப்படி சார் வந்திச்சு?"

"நான் கேம்ப் போறப்ப வரும்."

பிறகு தேர்வு. இருபது கேள்வி. வீலில் கீறல் கண்டால் என்ன செய்ய வேண்டும்? மிஷின் அதிர்ந்தால் என்ன செய்ய வேண்டும்? வேறு வீல் மாட்ட வேண்டும், உடனே நிறுத்த வேண்டும் என்று செல்லச்சாமி எழுதினான். இருபதுக்கு முட்டை வாங்கினான். எல்லாக் கேள்விக்கும் சரியான விடை 'அலுவலருக்குத் தெரிவிக்க வேண்டும்' என்பதே. உமாராணி வலைக்குப் பக்கத்தில் வந்து குனிந்து, இரண்டாம் தடவை எழுதலாம், விதியில் இடம் இருக்கிறது என்று காதோடு சொன்னாள். இரண்டாம் தடவை அவன் இருபதுக்கு இருபது.

மணி பதினொன்றரை. சான்றிதழ் சுருண்டு உள்ளே வந்தது. இனிப் பாதுகாப்புக் கண்ணாடி மட்டும் அணிந்தால் போதும் என்றார் தாணுமாலயன். செல்லச்சாமி தன்னுடையதைக் காட்டினான். அதில் முத்திரை இல்லை. முத்திரை உள்ள கண்ணாடிகள் எங்கே இருக்கின்றன என்று கேட்டான்.

"உங்களுக்குப் பின்னாடி," என்றாள் உமாராணி.

அறை நிறைய அட்டைப்பெட்டிகள். இவ்வளவு நேரம் அவன் எழுதியது ஒரு கண்ணாடிப் பெட்டியின் மேல். இருநூறு எண்ணம், பனி படியாதது, என்று அதில் அச்சடித்திருந்தது. செல்லச்சாமி அதை இரண்டு முறை வாசித்தான்.

ஆனால் பெட்டியைத் திறக்கக் கூடாது. நாளை விருந்தினர் ரிப்பன் வெட்டிய பிறகு அவர் கையால்தான் முதல் பெட்டி திறக்கப்பட வேண்டும். ரிப்பன் வெட்டக் கதவு திறக்க வேண்டும். கதவு திறக்கக் கண்ணாடி வேண்டும். இதைச் செல்லச்சாமி பொறுமையாக எடுத்துச் சொன்னான். தாணுமாலயன் அதைவிடப் பொறுமையாகக் கேட்டார். மேலிடத்துக்குக் கடிதம் எழுதுவதாகச் சொல்லி உள்ளே போனார்.

கடிதத்தோடு வரவில்லை. ஒரு யோசனையோடு வந்தார். ஆறு மாதத்துக்கு ஒரு முறை முகமை மீட்பு ஒத்திகை நடத்த வேண்டும். மூன்று வருடமாக நடத்தவில்லை. மாட்டிக்கொள்ள ஆள் கிடைக்காததுதான் காரணம். இப்போது ஆளே உள்ளே இருக்கிறது.

செல்லச்சாமி அதற்குள் மனைவி மாரித்தாய்க்குப் போன் செய்திருந்தான். அவள் குத்துக்கல்வலசையிலிருந்து ஆட்டோ பிடித்து ஐந்தருவிக்கு வந்து இறங்கியபோது சங்கு ஊதிக்கொண்டிருந்தது. வராந்தாவில் கயிறு, ஏணி, போட்டோக்காரர். நாலு பேர் ஒரு ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். அதில் தலை வரை போர்த்திய ஒரு உடம்பு. மாரித்தாய் ஓடும்போதே செருப்பு ஒன்று அறுந்தது. அவள் போர்வையைப் பிடித்து இழுத்தாள்.

வாட்ச்மேன் எழுந்து உட்கார்ந்தார். "நான் உம்ம வீட்டுக்காரருக்குப் பதிலாளும்மா. அவரால வெளிய வரமுடியாதுல்லா," என்றார்.

ஒத்திகை வெற்றி. உள்ளே சிக்கிய தொழிலாளர் செல்லச்சாமி பன்னிரண்டு இருபதுக்கு எவ்விதக் காயமும் இன்றி மீட்கப்பட்டார் என்று அறிக்கை தயாரானது. மீட்கப்பட்டவர் கையெழுத்துப் போட வேண்டிய இடம் ஒன்று இருந்தது. தாள் சுருண்டு வலைக்குள் வந்தது. போட்டால் கதவைத் திறப்பார்கள் என்று செல்லச்சாமி நினைத்தான். போட்டான்.

காலையிலிருந்து அவன் செய்த தப்புகள் இரண்டு. கண்ணாடியை இறக்காமல் பொத்தானைத் தள்ளியது ஒன்று. இது இரண்டாவது.

தாணுமாலயன் அறிக்கையை எடுத்துக்கொண்டு ஜீப்பை நோக்கி நடந்தார். தென்காசியில் பன்னிரண்டரைக்குப் பாதுகாப்பு வாரக் கூட்டம். மாரித்தாய் குறுக்கே போய் நின்றாள்.

"உள்ள ஆள் இருக்கு சார்."

"அறிக்கைப்படி இல்லம்மா."

"அப்ப அங்கன கம்பியப் பிடிச்சுக்கிட்டு நிக்கது யாரு?"

தாணுமாலயன் திரும்பிப் பார்த்தார். வலைக்குப் பின்னால் செல்லச்சாமி தெரிந்தான்.

"அது விசாரிக்க வேண்டிய விஷயம்," என்றார். "மீட்கப்பட்ட பிறகு அனுமதி இல்லாம உள்ள போயிருந்தா அது குற்றம். கூட்டம் முடிஞ்சு வந்து பாக்கேன்."

சாவியைக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்று உமாராணி முதல் முறையாகக் குரல் கொடுத்தாள். பூட்டியவர் மட்டுமே திறக்கலாம் என்ற விதியை அவருக்கு முன்னால் நின்று யாரும் இப்படி அவமதித்ததில்லை. அவர் ஹெல்மெட்டைச் சரிசெய்துகொண்டு ஜீப்பில் ஏறினார்.

மாரித்தாய் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்தாள். ஆளை மீட்டுவிட்டதாக முகமையிலிருந்து அறிக்கையே வந்துவிட்டது, நல்ல வேலை செய்திருக்கிறார்கள் என்று அங்கே சொன்னார்கள். முத்துகுமரன் பட்டறையிலிருந்து பேட்டரியில் ஓடுகிற மிஷினோடு வந்தான். வாசலில் வாட்ச்மேன் அதை வாங்கி வைத்துக்கொண்டு ரசீது கொடுத்தார். பெர்மிட் இல்லாத மிஷின். ஸ்ட்ரெச்சரில் படுத்த களைப்பு அவர் முகத்தில் இருந்தாலும் கடமையில் தளர்வு இல்லை. சுத்தியலும் உளியும் காலையிலேயே வராந்தாவிலிருந்து அகற்றப்பட்டு அலமாரியில் இருந்தன. அலமாரிச் சாவியும் ஜீப்பில் போய்விட்டது. இருந்திருந்தாலும் இரண்டு விரல் அகல வலைக் கண்ணுக்குள் சுத்தியல் நுழையாது. வேறு சுத்தியல் கொண்டுவந்து முத்துகுமரன் வெளியிலிருந்து அடித்துப் பார்த்தான். தகரம் நெளிந்தது. டேக் அசையவில்லை. செல்லச்சாமி வைத்த டேக் அசையாது என்று தென்காசி வட்டாரத்தில் பெயர். உமாராணி அழுதுகொண்டே, அரசாங்கக் கதவு அண்ணாச்சி, சேதமானால் என் பேரில் வரும் என்றாள். முத்துகுமரன் தாணுமாலயனைத் தேடித் தென்காசிக்குப் பைக்கைத் திருப்பினான்.

மணி ஒன்று.

மாரித்தாய் எழுந்து போனாள். பாதை ஓரத்தில் நூர்நிஷா பஜ்ஜிக்கடை போட்டிருந்தாள். அவளிடம் கத்தி வாங்கி வந்தாள். சிவப்புப் பெட்டிக்குக் கீழே, பிளக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி, வயரை அறுத்தாள். பல்லால் தோலை உரித்தாள். செம்புக் கம்பிகளை இரண்டாகப் பிரித்து முறுக்கினாள். இருபது வருடம் பட்டறைக்குச் சோறு கொண்டுபோனவள். பிளக் இல்லாத இடத்தில் என்ன செய்வார்கள் என்று பார்த்திருக்கிறாள். பஜ்ஜிக்கடை பல்புக்கு வராந்தா வழியாக ஒரு ஜங்ஷன் பெட்டி இழுத்திருந்தார்கள். ஓட்டைகளில் கம்பியை விட்டுத் தீக்குச்சியால் இறுக்கினால் போதும். வயர் அதுவரை எட்டியது. நூர்நிஷா தீப்பெட்டியை நீட்டினாள்.

அப்போதுதான் செல்லச்சாமி அட்டைப்பெட்டியைக் கிழித்தான். ஒரு கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டான். கரண்ட் வந்தால் இருபது நொடி. மிஷினை இரண்டு கையாலும் பிடித்தான். மூடி சரியான பக்கம் இருக்கிறதா என்று பார்த்தான். சாரல் வலைக்குள் அடித்தது. கண்ணாடியில் பனி படியவில்லை. நல்ல கண்ணுக்கு எல்லாம் துல்லியமாகத் தெரிந்தது.

மாரித்தாயின் கால் தெரிந்தது. வெறுங்கால். வராந்தாத் தளம் முழுக்க ஈரம். சேலை முந்தானை ஈரம். முறுக்கின கம்பி இரண்டு கையிலும் ஒவ்வொன்று. அவள் தோள் ஏறக்குறைய இரும்புக் கதவைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"ஏட்டி, கீழ போடு," என்றான்.

"நீங்க மிஷினப் பிடிங்க."

"கீழ போடுங்கேன். தரை ஈரம். கம்பி நழுவிக் கதவுல பட்டா நீயும் இருக்கமாட்ட, நானும் இருக்கமாட்டேன்."

"உங்க பட்டறைல செய்யலியா?"

"ஒருத்தன் செஞ்சான். அவன இப்பம் எங்கன காட்டச் சொல்லுத?"

அவள் ஜங்ஷன் பெட்டியையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். சாரல் கொஞ்சம் கூடியது.

"மணி ஒண்ணே கால் ஆச்சு," என்றாள். "கண்ணு போயிரும்யா."

"ஒண்ணுதான போவும். போடு."

அவள் நின்றுகொண்டே இருந்தாள். பிறகு கம்பிகளை விட்டாள். உமாராணி ஓடிவந்து வயரைச் சுருட்டி எடுத்துக்கொண்டாள். நூர்நிஷா தீப்பெட்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டு கடைக்குப் போனாள். மாரித்தாய் கதவில் சாய்ந்து, தகரத்தின் அந்தப் பக்கம் உட்கார்ந்தாள். செல்லச்சாமி இந்தப் பக்கம் உட்கார்ந்தான். அருவிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பாதையில் ஒரு குடும்பம் குளித்துவிட்டுச் சிரித்துக்கொண்டு போனது.

அந்த வளாகத்தில் எட்டு வருடத்தில் யாராவது ஒரு விபத்தைத் தடுத்திருந்தால் அது இதுதான். அது எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

இரண்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது நர்ஸ் போன் செய்தாள். டாக்டர் பையை எடுத்துவிட்டார், பக்கத்தில் வந்துவிட்டீர்கள் என்றால் நிறுத்திவைக்கிறேன் என்றாள். நல்ல பெண்.

"இல்லம்மா. அவரக் கெளம்பச் சொல்லுங்க," என்றான் செல்லச்சாமி.

தாணுமாலயன் மூன்றே முக்காலுக்கு வந்தார். சந்தோஷமாக வந்தார். ஒத்திகை அறிக்கையைக் கூட்டத்தில் வாசித்திருந்தார்கள். எல்லோரும் கைதட்டினார்களாம். முத்துகுமரன் மண்டப வாசலில் இரண்டு மணி நேரம் நின்றதாகவும், உள்ளே பாதுகாப்பு உறுதிமொழி எடுத்துக்கொண்டிருந்ததால் விடவில்லை என்றும் பின்னால் தெரிந்தது.

நாலு மணிக்கு விருந்தினரின் ஆட்கள் இடத்தைப் பார்க்க வருகிறார்கள். கதவு திறந்திருக்க வேண்டும். தாணுமாலயன் பூட்டைத் திறந்தார். பிளக்கோடு ஒரு சாண் வயர்தான் கையில் வந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். வயரை முறையாக இணைத்து டேப் சுற்ற, ஜீப்புக்குப் பின்னாலேயே பைக்கில் திரும்பியிருந்த முத்துகுமரனையே கூப்பிட்டார். பிளக்கைத் தன் கையாலேயே செருகினார்.

"ம். வெட்டுங்க."

"பெர்மிட்?" என்றான் செல்லச்சாமி.

"நீங்கதான் பன்னிரண்டு இருபதுக்கே மீட்கப்பட்டாச்சே. உள்ள இல்லாத ஆளுக்குப் பெர்மிட் எதுக்கு?"

செல்லச்சாமி வலைக்கு வெளியே நின்றவர்களைத் தள்ளி நிற்கச் சொன்னான். தாணுமாலயனையும் சொன்னான். வீலில் கீறல் இருக்கிறதா என்று பார்த்தான். இரண்டு கையாலும் பிடித்து, பொறி தன் மேல் வராத பக்கம் நின்று, பொத்தானைத் தள்ளினான். முதல் டேக். இரண்டாவது. மூன்றாவதற்குத் தலையைச் சாய்க்க வேண்டியிருந்தது. இடது பக்கம் தூரம் பிடிபடவில்லை. ஒரு கணம் நிறுத்தி, விரலால் இடத்தைத் தொட்டு உறுதிசெய்துகொண்டு அறுத்தான். நாலாவது. வீல் நிற்கும் வரை மிஷினைக் கையிலேயே வைத்திருந்தான். நின்ற பிறகு கீழே வைத்தான்.

கதவு சத்தமில்லாமல் திறந்தது. எங்கும் உரசவில்லை. தழும்பு இல்லை.

தாணுமாலயன் கதவை இரண்டு தரம் திறந்து மூடிப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்திருந்தது. கூடி நின்றவர்களைப் பார்த்துப் பேசினார்.

"பாத்தீங்களா? ஒரு சின்னக் கீறல் உண்டா? காலைல இவர் அவசரப்பட்டார். நான் விடல. நிதானமா செஞ்சா வேலை எவ்வளவு பத்திரமா முடியுது."

யாரோ கைதட்டினார்கள். செல்லச்சாமி கண்ணாடியைக் கழற்றிவிட்டு வெளியே வந்தான். திருநெல்வேலிக்கு அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று முத்துகுமரனைக் கேட்டான். மாரித்தாய் அவனுக்கு இடது பக்கம் வந்து நின்றுகொண்டாள். வராந்தாவிலிருந்து இறங்க மூன்று படி. அந்தப் பக்கம் படி இருப்பதை அவள்தான் சொல்ல வேண்டியிருந்தது.